இழந்த பல்லின் இடத்தில் ஒரு புதிய வேர்: இம்ப்ளான்ட் சிகிச்சை பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

பல் போனால் சொல் போச்சு என்பது நம் வழக்கு. தமிழ் எழுத்துகள் வாயில் எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியமே பிறப்பியலில் விளக்கியிருக்கிறது. தகரமும் நகரமும் பிறக்க நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். வகரம் பிறக்க மேற்பல் கீழுதட்டோடு பொருந்த வேண்டும். முன்பற்களை இழந்தவர் பேசும்போது ‘வ’ என்னும் ஒலி காற்றாகக் கரைந்து போவதை வீட்டிலுள்ளோர் கவனித்திருப்பர்.

ஆனால் மருத்துவமனைக்கு வருவோரிடம் நாங்கள் பெரிதும் காண்பது சொல்லின் இழப்பை விட உணவின் இழப்பையே. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது, வீட்டுப் பெரியவர்கள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்குகின்றனர். முதலில் வேர்க்கடலையும் கொய்யாப்பழமும் போகும். பிறகு பச்சைக் காய்கறி, சுண்டல், இறைச்சி. இறுதியில் இட்லியும் குழைந்த ரசம் சாதமும் கஞ்சியுமே எஞ்சும். ‘எனக்கு இதுவே போதும்’ என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் வயதின் பக்குவம் என்று எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அது மெல்ல இயலாமை. புரதமும் நார்ச்சத்தும் குறைந்து மாவுச்சத்தே மிகுந்த அந்த உணவு, சர்க்கரை நோய் உள்ளவருக்கு மேலும் சுமையாகிறது. ஆகவே பல்லை ஈடு செய்வது அழகு தொடர்பான செய்தி மட்டுமன்று.

பல் போன இடத்தில் எலும்புக்கு என்ன நேர்கிறது?

தாடை எலும்பில் பற்களைத் தாங்கும் மேல்விளிம்புப் பகுதி பற்களுக்காகவே உருவானது. மெல்லும்போது வேரின் வழியே கிடைக்கும் அழுத்தம் அந்த எலும்பை உயிர்ப்போடு வைத்திருக்கிறது. பல்லைப் பிடுங்கியதும் அதற்கு வேலையில்லாமல் போகிறது. உடல் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. பிடுங்கிய முதல் ஓராண்டிலேயே அவ்விடத்து எலும்பு தன் அகலத்தில் ஏறத்தாழப் பாதி வரை இழக்கக்கூடும். அவ்விழப்பின் பெரும்பகுதி முதல் 3 மாதங்களில் நேர்கிறது. அதன் பின்னரும் தேய்மானம் நிற்பதில்லை. வேகம் மட்டுமே குறைகிறது.

பத்தாண்டுகளுக்கு முன் கச்சிதமாகப் பொருந்திய பல்செட் இன்று பேசும்போதே கழன்று விழுவதற்குக் காரணமும் இதுவே. செட் கெட்டுவிட்டது என்று பலர் குறைபடுகின்றனர். செட் அப்படியேதான் இருக்கிறது. அதன் கீழிருந்த தாடை தேய்ந்திருக்கிறது. கீழ்த்தாடையில் இத்தொல்லை மிகுதி. மேல் செட்டை அகன்ற அண்ணம் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதியில்லை. நாக்கு அசையும்போதெல்லாம் அது மிதக்கும்.

இடைவெளியின் இருபுறமும் உள்ள பற்களும் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பல் வெற்றிடத்தை நோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல் மெல்ல நீண்டு இறங்கும் அல்லது எழும்பும். சில ஆண்டுகள் கழித்து வருபவருக்குப் பல் வைக்கவே இடமில்லாமல் போவதுண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன பல் ஒவ்வொன்றையும் திரும்ப வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஞானப்பல்லைப் பிடுங்கினால் அதற்கு ஈடு தேவையில்லை. வரிசையின் கடைசியிலிருக்கும் ஒரு கடைவாய்ப்பல் இல்லாமலும் நன்றாக மென்று உண்போர் பலர். உங்கள் மருத்துவர் ‘இதை விட்டுவிடலாம்’ என்று சொன்னால், அவர் அக்கறையின்றிச் சொல்கிறார் என்று கொள்ள வேண்டாம்.

இம்ப்ளான்ட் என்பது யாது?

கழற்றி மாட்டும் பல்செட், பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் பொருத்தும் பிரிட்ஜ் ஆகிய இரண்டும் நெடுங்காலமாக உள்ளவை, இன்றும் பயனுள்ளவை. பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து உறை போட வேண்டிய நிலையிருந்தால், பிரிட்ஜே சிறந்த தேர்வாக அமையலாம். பக்கத்துப் பற்கள் சொத்தையின்றி நலமாக இருக்கும்போதுதான் அவற்றைச் செதுக்க மனம் வருவதில்லை. இம்ப்ளான்ட் அங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது.

இம்ப்ளான்ட் என்று பொதுவாக நாம் சொல்வது மூன்று உறுப்புகள் சேர்ந்தது. எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் திருகு முதலாவது; அது வேரின் வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் அகலமும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஈறுக்கு மேல் எழும் இணைப்புத் தண்டு இரண்டாவது. அதன்மேல் அமரும் பல் உறை மூன்றாவது. கண்ணாடியில் நீங்கள் காண்பது இதை மட்டுமே.

இந்தச் சிகிச்சை தற்செயலாகப் பிறந்தது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனமார்க், 1952ஆம் ஆண்டு லுண்ட் நகரில் எலும்புக்குள் இரத்த ஓட்டம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கண்காணிப்புக் கூடு ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே நுண்ணோக்கியால் பார்த்தார். ஆய்வு முடிந்து அந்தக் கூட்டை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருந்தது. அயல்பொருளை உடல் ஒதுக்கித் தள்ளும் என்பதே அன்றைய நம்பிக்கை. அதற்கு மாறான இந்நிகழ்ச்சியைத் தொல்லை என்று ஒதுக்காமல் அவர் பின்தொடர்ந்தார். 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானிய வேர்களைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடைய லார்சன், 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் பயன்படுத்தினார். மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1982இல் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த மாநாட்டில் நெடுங்கால முடிவுகள் முன்வைக்கப்பட்ட பிறகே வட அமெரிக்கா இதைத் திரும்பிப் பார்த்தது. இன்று முறையாகப் பதிக்கப்பட்டுப் பராமரிக்கப்படும் இம்ப்ளான்ட்டுகளில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை வாயில் நிலைத்திருக்கின்றன.

எலும்பு ஏன் டைட்டானியத்தை ஏற்கிறது? காற்று பட்டவுடனே இவ்வுலோகத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மிக மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. அப்படலம் உலோகம் அரிக்கப்படாமல் காக்கிறது; உடல் திசுக்களுக்கு எரிச்சல் ஊட்டுவதுமில்லை. எலும்புச் செல்கள் அதன் மேல் ஒட்டி, திருகின் மரைகளுக்கிடையே புதிய எலும்பை நெய்கின்றன. இவ்வாறு ஒன்றிய திருகைப் பிறகு வெறும் சுழற்சியால் எளிதில் எடுத்துவிட இயலாது.

சிகிச்சையின் படிகள்

முதலில் வாய்ப் பரிசோதனை நடைபெறும். ஈறு நோயோ சொத்தையோ இருந்தால் அவற்றைச் சரிசெய்த பிறகே மற்றவை. அடுத்து, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிறப்பு ஸ்கேன் எடுக்கப்படும். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வளிக்கும் நரம்பு ஓடுகிறது. மேல்தாடையின் பின்பகுதிக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை உள்ளது. திருகின் முனை இவற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கும் என்பதைத் திட்டமிடவே இந்த ஸ்கேன். நரம்புக்கும் திருகுக்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது வழக்கம். ‘சாதாரண எக்ஸ்ரே போதாதா?’ என்று கேட்போருக்கு இதுவே விடை: சாதாரணப் படம் எலும்பின் உயரத்தைக் காட்டும்; அகலத்தைக் காட்டாது.

எலும்பு போதவில்லையெனில், எலும்புத் தூளை நிரப்பி வளர்க்க வேண்டியிருக்கும். மேல்தாடையில் சைனஸ் தரையைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். இதற்குக் கூடுதலாகச் சில மாதங்கள் ஆகலாம்.

திருகைப் பதிக்கும் நாளில் பல் பிடுங்குவதற்குப் போடும் அதே மரத்துப்போகும் ஊசியே போதும். பெரும்பாலோருக்கு முழு மயக்கம் தேவையில்லை. அதிர்வும் அழுத்தமும் தெரியும், வலி தெரியலாகாது. தெரிந்தால் உடனே கையை உயர்த்திச் சொல்லுங்கள். துளையிடும்போது உப்பு நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். பலர் இதைத் தொல்லையாக உணர்கின்றனர். ஆனால் எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புச் செல்கள் மடியத் தொடங்கும். அந்த நீர் அவற்றைக் காக்கிறது.

அதன் பின் காத்திருப்பு. கீழ்த்தாடையில் ஏறத்தாழ 3 மாதங்கள். எலும்பு மென்மையாக உள்ள மேல்தாடையில் 4 முதல் 6 மாதங்கள். எலும்பு உலோகத்தோடு ஒன்றுவதற்கான காலம் இது; அவசரப்படுத்த இயலாதது. பிறகு இணைப்புத் தண்டைப் பொருத்தி, அளவெடுத்து, உறையை அமைப்பர்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் நோயாளிகள் பலர் அறியாத ஒன்று உண்டு. பதித்த அன்று திருகு மரைகளின் இறுக்கத்தால் உறுதியாக நிற்கும். அடுத்த சில வாரங்களில், காயமுற்ற பழைய எலும்பை உடல் அகற்றிவிட்டுப் புதிய எலும்பை இடத் தொடங்கும். பழைய பிடிப்பு தளர்ந்து புதிய பிடிப்பு இன்னும் உறுதிப்படாத இடைக்காலம் அது. மூன்றாம் நான்காம் வாரத்தை ஒட்டி அமையும். அதற்குள் வீக்கம் வடிந்திருக்கும், வலி முற்றிலும் நின்றிருக்கும், தையல் பிரித்திருக்கும். ‘எல்லாம் ஆறிவிட்டது’ என்று எண்ணி அந்தப் பக்கத்தில் முறுக்கைக் கடிப்பது சரியாக அந்த நாட்களில்தான். வலி இல்லாமை, எலும்பு கூடிவிட்டதற்கு அடையாளமன்று. மருத்துவர் சொல்லும் நாள் வரை மென்மையான உணவையும் மறுபக்கம் மெல்வதையும் விடாதீர்கள்.

‘ஒரே நாளில் பல்’ என்னும் விளம்பரங்களைப் பற்றியும் கேட்கின்றனர். அது பொய்யன்று. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரைச் சேர்ந்த பாலோ மாலோ 1990களின் இறுதியில், பற்களே இல்லாத தாடையில் நான்கு திருகுகளைப் பதித்து, பின்னிரண்டைச் சாய்வாக வைத்து, முழு வரிசையையும் உடனே அவற்றின் மேல் பொருத்தும் முறையைப் புகழ்பெறச் செய்தார். திருகுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு அசையாமல் நிற்பதே அதன் சூட்சுமம். ஆயினும் அன்று பொருத்தப்படுவது பெரும்பாலும் தற்காலிகப் பற்களே. மென்மையான உணவுக் கட்டுப்பாடு அவர்களுக்கும் மாதக் கணக்கில் உண்டு. எல்லாருடைய எலும்பும் இதற்கு இடம் தராது. நாள் குறைவு என்பதை மட்டும் கொண்டு ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது தகாது என்பதே எம் கருத்து.

வேறு நோய்களுக்கு மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

இப்பகுதியை இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பல் மருத்துவரிடம் போகும்போது பல்லைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று நினைப்பவரே மிகுதி. அந்நினைப்பே ஆபத்தைக் கொண்டுவருகிறது.

இரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகளை முதலில் எடுத்துக்கொள்வோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றையும், செயற்கை வால்வு உடையவர்கள் வார்ஃபரின் போன்றவற்றையும் உட்கொள்கின்றனர். ‘பல் வேலை இருக்கிறது, இரத்தம் நிற்காது’ என்று அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டு, நான்கு நாட்களுக்கு முன்பே மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வருவோர் உண்டு. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். வாயில் வரும் இரத்தக் கசிவு எங்கள் கண்முன் இருக்கிறது. பஞ்சால் அழுத்தியும் தையலிட்டும் அதை நிறுத்த முடியும். ஸ்டென்ட்டுக்குள்ளோ மூளைக் குழாயிலோ இரத்தம் கட்டினால் அதை அவ்வாறு கையால் தடுக்க இயலாது. மருந்தை நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பர். பெரும்பாலான சிறு சிகிச்சைகளுக்கு நிறுத்தத் தேவையிருப்பதில்லை. வார்ஃபரின் உட்கொள்வோர் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை முடிவை அண்மை நாளில் எடுத்து வர வேண்டும். மாரடைப்பு வந்தோ ஸ்டென்ட் வைத்தோ சில மாதங்களே ஆகியிருந்தால், இம்ப்ளான்ட்டைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. பல் காத்திருக்கும்.

செயற்கை வால்வு உடையோருக்கும், முன்பு இதய உட்சவ்வில் தொற்று ஏற்பட்டோருக்கும், வாயில் கத்தி படுமுன் கிருமிக்கொல்லி மருந்து ஒரு வேளை தர வேண்டியிருக்கும். வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து வால்வில் குடியேறாமல் தடுக்கவே இது.

அடுத்தது எலும்புத் தேய்மானத்திற்கான மருந்து. குடும்பத்தினர் மிகுதியாகக் கூற மறப்பது இதைத்தான். அலென்ட்ரோனேட் என்னும் மாத்திரை வாரம் ஒருமுறை உட்கொள்வது. சோலெட்ரோனிக் அமில ஊசி எலும்புத் தேய்மானத்திற்கு ஆண்டுக்கு ஒருமுறை போடுவது. டெனோசுமாப் ஊசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை. நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெட்டியில் இவை இருப்பதில்லை. ஆகவே ‘அம்மா என்ன மருந்து சாப்பிடுகிறார்?’ என்று கேட்டால் இவை நினைவுக்கு வருவதில்லை. இம்மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. ஆனால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்குக் கரைதலும் வேண்டும். அது தடைப்பட்ட தாடையில் பல் பிடுங்கினாலோ திருகு பதித்தாலோ, அரிதாகச் சிலருக்குக் காயம் ஆறாமல் எலும்பு வெளித் தெரியும் நிலை உண்டாகிறது. எலும்புத் தேய்மானத்திற்காகக் குறைந்த அளவில் பெறுவோருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய் எலும்பில் பரவியதற்காக, அதே மருந்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை உயர் அளவில் நரம்பு வழியே பெறுவோருக்கோ அது பலமடங்கு மிகுதி. அவர்களுக்கு இம்ப்ளான்ட் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

வாய், தொண்டை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், அது இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததாயினும் சொல்ல வேண்டும். கதிர் பட்ட எலும்பில் இரத்தக் குழாய்கள் குறைந்துவிடுகின்றன. காலம் கடந்தாலும் அவை முழுமையாக மீள்வதில்லை. இனிமேல் கதிர்வீச்சு பெறவிருப்போர் அதைத் தொடங்குமுன் பல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காப்பாற்ற இயலாத பற்களை அப்போதே எடுத்து, காயம் ஆற ஏறத்தாழ இரண்டு வாரங்களாவது இடைவெளி விட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் அதே பல்லை எடுப்பது வேறு வகையான சிகிச்சையாகிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இம்ப்ளான்ட் செய்யக்கூடாது என்பது தவறான கருத்து. கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவைக் கொண்டு மருத்துவர் முடிவெடுப்பார். அளவு உயர்ந்திருந்தால், முதலில் அதைக் குறைத்துவிட்டு வருமாறு சொல்வார். திருப்பி அனுப்பிவிட்டார் என்று வருந்த வேண்டாம்.

புகையிலை பற்றி மழுப்பாமல் சொல்லிவிடலாம். புகைப்பவர்களிடம் இம்ப்ளான்ட் தோல்வியுறும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நம் ஊரில் இதனோடு வெற்றிலைப் பாக்கும் பொட்டலப் பாக்கும் சேர்கின்றன. பாக்கை நெடுங்காலம் மென்றால் கன்னத்தின் உட்சவ்வு நார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவே சுருங்கிவிடுகிறது. அத்தகையோருக்குக் கருவியைக் கடைவாய் வரை கொண்டு செல்லவே இடமிராது. இந்நிலை புற்றுநோய்க்கு முன்னோடியாகவும் அமையக்கூடியது. வாயை மூன்று விரல் அகலம் திறக்க முடியாதவர்கள் இம்ப்ளான்ட்டை மறந்துவிட்டு முதலில் அதற்கே சிகிச்சை பெற வேண்டும்.

வளரும் பிள்ளைகள் விழுந்து முன்பல்லை இழந்தால், பெற்றோர் உடனே நிரந்தரப் பல் வேண்டுகின்றனர். தாடை வளரும்போது இயற்கைப் பற்கள் அதனோடு சேர்ந்து நகரும். எலும்போடு ஒன்றிய திருகு நகராது. சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் தாழ்ந்து போய் உள்ளடங்கித் தோன்றும். பெண்களுக்குச் சுமார் 18 வயது வரையும் ஆண்களுக்கு 20, 21 வயது வரையும் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை தற்காலிகப் பல் உதவும்.

முதுமை மட்டும் ஒரு தடையன்று. எண்பது வயதிலும் எலும்பு டைட்டானியத்தோடு ஒன்றும்.

யார் துலக்குவார்?

பெரியவர்களுக்குச் சிகிச்சையைத் திட்டமிடும்போது குடும்பத்தினர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இன்று எழுபது வயதில் தாமே துலக்கிக்கொள்ளும் தந்தைக்கு, எண்பதில் கை நடுக்கமோ மறதி நோயோ வரலாம். வாய் முழுவதும் நிலையாகப் பொருத்திய பற்களின் அடியில் வேறொருவர் தூரிகையைச் செலுத்துவது கடினம். கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் பொத்தான்போல் சொடுக்கி மாட்டும் பல்செட்டை அமைக்கும் முறை ஒன்று உண்டு. கழற்றி, கழுவி, மீண்டும் மாட்டலாம். பராமரிப்பவர் அதை எளிதில் கற்றுக்கொள்வார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய வல்லுநர்கள், பற்களை முழுவதும் இழந்த கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுவே என்றனர். எட்டுத் திருகுகளின் செலவுமில்லை; மிதக்கும் பல்செட்டின் தொல்லையுமில்லை. எம் அனுபவத்தில், மீண்டும் சுண்டல் சாப்பிட முடிகிறது என்று மகிழ்ந்து சொல்வோர் பெரும்பாலும் இம்முறையைப் பெற்றவர்களே.

பராமரிப்பு

இம்ப்ளான்ட் பல் சொத்தையாகாது. இதைக் கேட்டவுடன் துலக்குவதில் அசட்டையாவோர் உண்டு. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தைபோல் நார்த்திசு ஒன்று இருக்கிறது. உணவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் உடனே உணர்த்துவது அதுவே; கிருமிகள் வேரை நோக்கி இறங்காமல் தடுப்பதிலும் அந்நார்களுக்குப் பங்குண்டு. இம்ப்ளான்ட்டுக்கு அத்திசு இல்லை. ஈறில் அழற்சி தொடங்கினால் அது எலும்பை விரைந்து எட்டிவிடும். ஆனால் வலி இராது. ஆகவே வலி வரட்டும் என்று காத்திருப்பது பயனற்றது. துலக்கும்போது இரத்தம் கசிவதும், ஈறு சிவந்து தடிப்பதும், அழுத்தினால் சீழ் வருவதுமே எச்சரிக்கைகள். ஈறோடு நிற்கும் அழற்சியைச் சுத்தம் செய்து முழுமையாக மீட்கலாம். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் போன எலும்பைத் திரும்பப் பெறுவது அரிது.

காலையும் இரவும் மென்மையான தூரிகையால் துலக்குங்கள். பல்லிடைத் தூரிகை என்று மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு தூரிகையால் இம்ப்ளான்ட்டின் இரு பக்கமும் நாள்தோறும் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஊக்கு, ஈர்க்குச்சி ஆகியவை வேண்டாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை காட்டுங்கள். உறை ஆடுவதுபோல் தோன்றினால், பெரும்பாலும் உள்ளிருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். அன்றே வந்தால் ஐந்து நிமிட வேலை, அதோடு மாதக்கணக்கில் மென்றால் திருகு முறிந்துவிடும். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்போர் இரவில் அணியும் காப்புத் தட்டைக் கேட்டுப் பெற வேண்டும்.

செலவைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ‘ஒரு பல்லுக்கு இவ்வளவு’ என்னும் தொகையில் ஸ்கேன், திருகு, இணைப்புத் தண்டு, உறை, தேவைப்பட்டால் எலும்புத் தூள் ஆகியவற்றுள் எவையெவை அடங்கும் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். சிகிச்சை முடிந்ததும் திருகின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் குறித்த அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நிறுவனத்தின் உதிரிப் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் ஒரு சிறு திருகை மாற்ற வேண்டி வந்தால், அந்த அட்டை இல்லாமல் அங்குள்ள மருத்துவர் தவித்துப் போவார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தாலும் அதைக் காட்டுங்கள். டைட்டானியம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. ஆகவே பொதுவாக அச்சமில்லை. ஆனால் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் பல்செட் இருந்தால் அதைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.

முதல் நாள் வரும்போது, உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டுகளையும், வாரம் ஒருமுறை உண்பவை, ஆண்டுக்கு ஒருமுறை போடுபவை உட்பட, எடுத்து வாருங்கள். அண்மையில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவும், இதய நோய்க்கோ புற்றுநோய்க்கோ சிகிச்சை பெற்றிருந்தால் அதன் சுருக்க அறிக்கையும் வேண்டும். காலை உணவை உண்டுவிட்டே வரலாம். பழைய பல்செட் இருந்தால், உடைந்ததாயினும், ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். பற்கள் முன்பு எந்த உயரத்தில் அமைந்திருந்தன என்பதை அது எங்களுக்குக் காட்டும்.